ரம்பம் பார்க்க வந்தவர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். இந்த வீட்டில் நலம் சொல்ல வேறு ஆள் இல்லாததால் அந்தப் பகுதி இத்துடன் முடிகிறது. நீயும் மருமகளும் குட்டியும் சுகம்தானே? குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டால் படம் அனுப்புகிறாய், படத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

நான் போட்டோ சட்டம் செய்கிற பட்டறையின் மின்ரம்பத்தை விற்கச் சொன்னாய், சொன்ன கையோடு என்னைக் கேட்காமலே இன்டர்நெட்டில் விளம்பரமும் கொடுத்துவிட்டாய். தனியாக இருக்கிற அம்மா விரலை வெட்டிக்கொண்டால் யார் பார்ப்பார்கள் என்பது உன் கவலை. நியாயம்தான். வெட்டிக்கொள்ளாவிட்டாலும் யாரும் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். உன் கவலை தீரட்டும் என்று ஒரு தள்ளுபலகை செய்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஒரு பிளைவுட் பலகை, அதன் அடியில் ரம்ப மேஜையின் இரண்டு காடிப் பள்ளங்களிலும் ஓடுகிற மாதிரி இரண்டு மெல்லிய ரீப்பர் கட்டை, மேலே குறுக்காகத் திருகாணி போட்ட தடுப்புக் கட்டை. போட்டோ சட்டத்துக்கான மரத்தைத் தடுப்பில் அணைத்துவைத்துப் பலகையோடு தள்ளினால் மரம் அறுபடும், கை எட்டத்திலேயே இருக்கும். ரம்பப் பல் வெளியே வருகிற இடத்துக்குக் கட்டைவிரல் போகாதபடி அங்கே கனமான மரத்துண்டு ஒன்றும் வைத்தேன். எல்லாம் சரி, ரீப்பர்களைக் காடியில் வைத்து, பசை தடவி, பலகையை மேலே அமர்த்தி, பாரத்துக்கு உன் காலேஜ் புத்தகங்களை அடுக்கினேன். அவை உபயோகப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். பசை பிதுங்கிக் காடிக்குள் இறங்கிவிட்டது, காலையில் பலகையைத் தள்ளினால் மேஜையே நகர்கிறது.

அந்த நேரம் பார்த்து உன் விளம்பரத்தைப் படித்துவிட்டு ஒரு ஜன்னல் தச்சர் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். "அக்கா, இதை விக்கிறீங்களா, இல்ல யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு ஒட்டி வச்சிருக்கீங்களா?" என்றார். பிறகு வெந்நீரும் மெல்லிய கத்தியும் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரை பசையைச் சுரண்டிக்கொண்டே முழங்கால் வலி, வாடகை வீடு, பேசாத தம்பி என்று எல்லாம் சொன்னார், நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கேட்டேன், இரண்டு தடவை டீ போட்டேன். பலகை கழன்று வந்ததும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, தடுப்பு ஒரு நூல் கோணல் என்று அதையும் நேராக்கினார். காடியில் மெழுகு தேய்த்ததும் பலகை வழுக்கிக்கொண்டு ஓடியது. விலை கேட்டார். விற்கவில்லை என்றேன். அரை நாள் வேலை வாங்கிக்கொண்டு இப்படிச் சொன்னதற்கு மனிதர் கோபிக்கவே இல்லை, சரிக்கா என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். மறுபடி எட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். ரம்பம் நன்றாக ஓடுகிறது, இனி அவர் வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது.

அதில் ஒரு தடவை அறுக்க மூச்சுவிடும் நேரம்கூட ஆவதில்லை. வீட்டில் இருந்த மரத்தையெல்லாம் அறுத்து முடித்தாயிற்று. என் பத்து விரலும் பத்திரம், மருமகளிடமும் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, அவளை எதிர்த்துப் பேசாதே, மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, அந்த விளம்பரத்தை எடுத்துவிடாதே. நான் விற்கப்போவதில்லை. யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா