என் வாய், அக்காவின் குரல்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பொடிசும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கடிதத்தில் பார்த்தேன், அப்படியே இருங்கள், எனக்கு அது போதும். என் சுகத்தைக் கேட்டிருந்தாய். தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நாலு வார்த்தைக்கு மேல் காற்றுதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். டாக்டர் நாள் குறித்துவிட்டார், அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை. குரல்வளையை முழுசாக எடுத்துவிடுவார்களாம். பாதியாவது விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்டேன். அந்த மனுஷன் என் படங்களைப் பார்த்து வளர்ந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பாதியை விட்டுவெச்சா அது உங்களை விட்டுவைக்காதும்மா என்றார். எழுந்து வரும்போது ஆறுதல் வேறு சொன்னார், இங்க போனா என்னம்மா, உங்க தேன் குரல் படத்துல பத்திரமா இருக்குல்ல என்று. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சத்தம்தான் வரவில்லை.

பொடிசு தினமும் என் பழைய படக் கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டே தூங்குகிறாள், இது எங்க பாட்டி பேசுறது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவளிடம் உண்மையைச் சொல்லாதே. ஊரே நம்பியதை அவளும் நம்பிவிட்டுப் போகட்டும். ஆனால் அடுத்த பக்கத்தில் நீ எழுதியிருந்தாயே, நீயே சொந்தக் குரல்ல பேசின அந்த ஒரே படம் எங்கயாவது கிடக்கும், தேடிப் பாரும்மா, உன்னைக் கூப்பிடுற மாதிரியே அதுல கூப்பிட்டிருக்கேன்னு சொல்லுவியே, எனக்கு அது வேணும் என்று, அதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னிடம் நீ பெரிதாக எதையும் கேட்டவள் இல்லை. அதனால் போனேன். போன கதையை முதலிலிருந்து எழுதுகிறேன், மாப்பிள்ளையும் படிப்பார், அவருக்கு முன்கதை தெரியாது.

நான் நடிக்க வந்தவள் இல்லை, ஸ்டுடியோவில் தையல் அறைக்குப் பொத்தான் தைக்க வந்தவள். கதாநாயகியின் பாவாடை ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தபோது கேமராக்காரர் விளக்கைச் சரிபார்க்க அந்த வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தார், அவ்வளவுதான், அடுத்த படத்தில் பாவாடை எனக்கு, ஊசி வேறு யாருக்கோ. ஆனால் நான் வாயைத் திறந்ததும் ஸ்டுடியோ முதலாளி முகத்தைச் சுளித்தார். முகம் பட்டு, குரல் சாக்கு என்றார், அதற்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அன்றைக்கே அழுதிருக்க வேண்டும். அப்புறம்தான் அக்காவைக் கூட்டி வந்தார்கள், உனக்குத்தான் தெரியுமே, நீ பெரியம்மா என்று கூப்பிடும் அதே அக்கா. வெளிச்சத்தில் நான் நின்று வாயசைப்பேன், இருட்டு அறையில் அவள் உட்கார்ந்து என் வாய்க்குப் பேசுவாள். முதுகைக் காட்டி அழுகிற காட்சி என்றால் எனக்கு இன்னும் வசதி, வசனத்துக்குப் பதில் சலவைக்குப் போட்ட துணிக் கணக்கைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறேன், அதற்கு ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் மூச்சு விடுவதற்கு முன்னால் என் இடது தோள் லேசாக ஏறுமாம், அதைப் பார்த்துத்தான் அவள் ஆரம்பிப்பாளாம், பெற்ற தாய்க்குக்கூட அது தெரியாது. ஒரு படத்திலும் அவள் பெயரைப் போடவில்லை. கடையில் போய் அக்கா சோப்பு கேட்டால் கடைக்காரர் அவளுக்குப் பின்னால் நான் நிற்கிறேனா என்று எட்டிப் பார்ப்பார். நான் கேட்டால், ஜலதோஷமாம்மா என்பார். எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு நடிகை.

அப்படியே இருந்திருக்கலாம். ஒரு இளம் டைரக்டர் வந்தார், கோபக்காரர், ரயில்வே கேட் காக்கிற பெண்ணின் கதை, கேட் காக்கிறவ தேன் ஒழுகப் பேசுவாளா, இவங்க குரல்தான் வேணும் என்று முதலாளியோடு மல்லுக்கு நின்றார். நான் எத்தனை நாள் தூங்காமல் ஒத்திகை பார்த்தேன் தெரியுமா. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குழந்தை நிற்கும், நடுவில் ரயில் வந்துவிடும், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே நில்லுடா கண்ணு, அம்மா வந்துட்டேன் என்று கத்த வேண்டும். உன்னை மாடி ஜன்னலிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவேன், நீ எந்தத் தெருவில் விளையாடினாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வருவாய். படம் வந்தது, முகத்தை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் வசனத்துக்கே தியேட்டர் சிரித்தது. பக்கத்து ஆள் தன் பெண்டாட்டியிடம், பாவம் அந்தப் பொண்ணு, யாரோ ஆம்பளைய வெச்சுப் பேச வெச்சுட்டானுங்க, அவ சொந்தக் குரலை ஏன்தான் எடுத்தானுங்களோ என்று வருத்தப்பட்டான். என் குரலுக்காக என்னைப் பார்த்தே பரிதாபம். ஒரு வாரத்தில் படத்தைத் தூக்கிவிட்டார்கள், அதற்குப் பிறகு எனக்கு அக்கா வேஷம், அண்ணி வேஷம், அப்புறம் அதுவும் இல்லை. அந்த வேஷங்களுக்கும் அக்காதான் பேசினாள்.

பழைய ரீல்களைப் போட்டு வைத்திருக்கும் கிடங்குக்குப் போன வாரம் போனேன். நான் பேசினால் யாருக்கும் புரியாது என்பதால் அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். பஸ் ஏறியதிலிருந்து அவள் ஒரே பாட்டு, பழசை எதுக்குடி கிளறிக்கிட்டு, தூசி உன் தொண்டைக்கு ஆகாது, திரும்பிடலாம் என்று. என் மேல் இருக்கிற அக்கறை என்றுதான் நினைத்தேன். கிடங்குக்காரர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தேடினார், பாதிப் பெட்டிகள் துருப்பிடித்து, ரீல் கட்டி தட்டி, புளித்த வாடை அடித்தது. நம்பிக்கை போய் எழுந்திரிக்கும்போது, இருக்கும்மா, உங்க அதிர்ஷ்டம், சத்தமும் சேர்த்தே இருக்கு என்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரீலை ஓட்டிப் பார்க்கிற மேஜையில் போட்டார், சின்னத் திரை, அதில் நான், கேட், தண்டவாளம், அந்தப் பக்கம் குழந்தை. ரயில் வந்தது. என் இடது தோள் ஏறியது. நான் வாயைத் திறந்தேன். தேன் குரலில், அங்கேயே நில்லுடா கண்ணு என்று அக்கா கூப்பிட்டாள்.

திரும்பிப் பார்த்தேன், அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். படத்தைத் தூக்கியதும் முதலாளி அவளைக் கூப்பிட்டு, வெளியூருக்காவது ஓட்டிப் பார்க்கணும், பழைய சத்தத்தை அழிச்சாச்சு, ஒரே நாள்ல பேசிக் குடு, அவகிட்ட மூச்சு விடாதே என்றாராம். உனக்கு எப்படிடி சொல்லுவேன், சொன்னா செத்துருவியேன்னு விட்டுட்டேன் என்று அழுதாள். அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது, அதற்கும் தொண்டை வேண்டுமே. கிடங்குக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம், தன் குரலைக் கேட்டு அம்மா உருகிவிட்டார்கள் என்று நினைத்து ரெண்டு டீ வாங்கி வந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம். இனி தேட எதுவும் இல்லை கண்ணு, உனக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடி என் பழைய குரலை நினைத்துப் பார்த்தேன், எனக்கே அக்கா குரலில்தான் கேட்கிறது. மேல் வீட்டு நர்ஸிடம் டேப் ரெக்கார்டர் வாங்கி ஏற்கெனவே பேசிப் பார்த்திருந்தேன், தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருந்தது, வெட்கப்பட்டு அழித்துவிட்டேன்.

வியாழனுக்குப் பிறகு நீ போன் பண்ணினால் அக்காதான் எடுப்பாள். இத்தனை வருஷம் உனக்குப் பேசினேன், நீ பெத்த பொண்ணுகிட்டயும் பேசிட்டுப் போறேன், நீ எழுதிக் காட்டு என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டேன், தலையாட்டுவதும் வாயசைப்பதும்தானே எனக்குத் தெரிந்த தொழில். பொடிசுக்குச் சந்தோஷமாக இருக்கும், கடைசியில் பாட்டி படத்தில் மாதிரியே பேசுகிறாள் என்று. அவளைத் திருத்தாதே. பெரியம்மாவிடமும் கோபித்துக்கொள்ளாதே, அவளும் பாவம்தான்.

மாப்பிள்ளை ராத்திரி வேலைக்குப் போகும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளச் சொல். நீயும் பனியில் நிற்காதே. எல்லோரும் குறையில்லாமல் நூறு வயது இருங்கள், என் ஆயுசில் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று. இந்தக் கடிதம் ஆபரேஷனுக்கு முன்னால் வந்து சேருமோ என்னவோ, சேர்ந்தால் முந்தின நாள் புதன்கிழமைக்குள் எப்படியாவது போன் பண்ணு. பொடிசை எழுப்ப வேண்டாம், நீ மட்டும் கேள். ரயில்வே கேட்டில் கத்தின அந்த ஒரு வரியை நான் சொல்கிறேன், நாலு வார்த்தைக்கு மேல் வராது, அதிலும் பாதி காற்றாகத்தான் இருக்கும். ஆனால் பேசுவது நான்.

உன் அம்மா