கடல் தாண்டக் கூடாத மாதங்கள்

சின்ன காஞ்சிபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி சந்தியா எழுதுவது. உங்கள் அப்பாவின் கண் கட்டை அவிழ்த்துவிட்டார்களா? சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். போனில் என்னால் சொல்ல முடியவில்லை. எதிர்வீட்டுத் தில்லையம்மாள் நாளை ராமேஸ்வரம் யாத்திரை பஸ்ஸில் வருகிறார். பாம்பனில் இறங்கி உங்கள் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் கடல் தாண்டக் கூடாது என்று என் அம்மா சொன்னதும், கிடைத்த கப்பல் வேலையே வேண்டாம் என்றுவிட்டீர்கள். தீவுக்காரருக்கு இது என்ன சட்டம், பாலத்தில் ஊருக்குப் போனாலும் கடல் தாண்டின கணக்குத்தானே என்று நான் கேலி செய்தேன். "பாலத்துக்கெல்லாம் தோசமில்லமா, கப்பல்லதான் போவக்கூடாது" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு பயிற்சிப் புத்தகங்களைப் பீரோ மேல் தூக்கிப் போட்டீர்கள். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

என் கேலியெல்லாம் நடிப்பு. அம்மாவை அப்படிச் சொல்லவைத்ததே நான்தான்.

மாமா, நம் குழந்தை இல்லை. புதன்கிழமை ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள். மறுநாளே எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்பு பரவாயில்லை. கடையில் நாளெல்லாம் நின்று புடவை விரித்துக் காட்ட வேண்டுமே என்று பத்து நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள். அன்று நீங்கள் போனில் வாந்தி நின்றதா என்று கேட்டீர்கள். நின்றுவிட்டது என்றேன்.

தூத்துக்குடிக் கப்பல் ஏஜென்ட் உங்கள் இடத்தை இந்த வியாழன் வரை வைத்திருப்பது அம்மாவுக்கும் தெரியும். "வெள்ளிக்கிழம கப்பலு போயிடட்டும்மா, அப்பறமா மாப்ளையாண்ட சொல்லிக்கலாம்" என்கிறாள். மூன்று நாளாக நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இப்படி ஏமாற்றிப் பிடித்துவைத்துக் குடித்தனம் நடத்த எனக்குத் தைரியமில்லை.

உங்கள் கப்பல் ஆசையால்தான் இப்படி ஆனது என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மாவே சொன்னார்கள். உடம்பு தேறியதும் நான் பாம்பன் வந்து உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கிருந்து நேராகத் தூத்துக்குடி போங்கள். இங்கே வராதீர்கள். முகத்தைப் பார்த்தால் போகாதீர்கள் என்று சொல்லிவிடுவேன். கப்பலில் இருக்கும் ஒன்பது மாதமும் வரதராஜப் பெருமாள் உங்கள் கூடவே இருந்து காப்பாற்றட்டும்.

இத்தனை சொல்லியும் மீறி இங்கே வந்து நின்றால், திட்டமாட்டேன்.

உங்கள்
சந்தியா