மேலக்கண்மாயில் ஜிலேபிக் கெண்டை விட வேண்டாம்

அனுப்புநர்
க. விஜயம், எம்.எஸ்ஸி.,
(த/பெ கல்யாணராமன்)
முனைவர் பட்ட ஆய்வு மாணவி, விலங்கியல்,
ஆனையூர், மதுரை.

பெறுநர்
உயர்திரு மீன் வளர்ப்பு அலுவலர் அவர்கள்,
மதுரை.

பொருள்: வாடிப்பட்டி அருகேயுள்ள மேலக்கண்மாயில் வரும் வெள்ளிக்கிழமை ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் விடுவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மீன் கேட்டுத் தங்களிடம் வருபவர்கள் நிறையப் பேர். மீன் வேண்டாம் என்று வந்த முதல் ஆள் நான்தான் என்று தங்கள் அலுவலக எழுத்தர் சென்ற வாரம் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆகவே காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன்.

2. அவ்வூரில் ஒரே வாய்க்காலில் மேலக்கண்மாய், கீழக்கண்மாய் என்று அடுத்தடுத்து இரண்டு உள்ளன. கீழக்கண்மாயில் யாரோ எப்போதோ விட்ட ஜிலேபிக் கெண்டை இன்று கரைக்குக் கரை அதுவாகவே இருக்கிறது. தரையைக் குழியாகத் தோண்டி முட்டையிடும். குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கும். மற்ற மீன்களை அண்டவிடாது. அங்கே அயிரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேலக்கண்மாயிலோ ஒரு ஜிலேபி கூடக் கிடையாது. இடையில், மிகுந்த நீர் வழிந்தோடும் மறுகால் சுவர் உயரமானதால் கீழிருந்து மேலே ஏற ஜிலேபியால் முடியவில்லை. அயிரையும் கெளுத்தியும் உளுவையும் அங்கே சௌக்கியமாக இருக்கின்றன.

3. வெளியிலிருந்து ஒரு மீன் வந்தால் உள்ளூர் மீன்களின் இரையும் இனப்பெருக்கமும் எப்படி மாறுகின்றன என்பதே என் ஆய்வு. அது வந்த கண்மாய் ஒன்று, வராத கண்மாய் ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டால்தான் ஆய்வு. மேலக்கண்மாயிலும் விட்டுவிட்டால் ஒப்பிட எதுவும் இராது. மூன்றாண்டு உழைப்பு வீணாகும்.

4. இந்த மீனைத் தங்களிடம் கேட்டவர் ஊராட்சித் தலைவர் திரு. ஆண்டிச்சாமி அவர்கள். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் வலை வீசுவதும், வந்ததை அளந்து எழுதிக்கொண்டு மீண்டும் தண்ணீரில் விடுவதும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. "இந்தப் புள்ள வாரந்தவறாம வருது, இம்புட்டுக்காணு குஞ்சுதான் சிக்குது, பாவம் திரும்ப விட்டுட்டுப் போகுது" என்று இரக்கப்பட்டு, எனக்குப் பெரிய மீனாகக் கிடைக்கட்டும் என்று தங்களுக்கு எழுதியிருக்கிறார். உத்தரவு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, சந்தோஷமாகச் சொன்னார். நான் பாதிக் கலரைக் கீழே வைத்துவிட்டேன்.

5. விஷயத்தை விளக்கியபோது அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப ஒம் படிப்புல நானே மண்ணள்ளிப் போட்டேனாம்மா?" என்றார். எனக்கு உதவி செய்ய இவ்வளவு தூரம் மெனக்கெட்ட மனிதர் அப்படிக் கேட்டது இன்னும் மனதை அறுக்கிறது.

6. விட்டபின் வேண்டாமென்றால் பிடித்துவிடலாமே என்று எழுத்தர் யோசனை சொன்னார். கீழக்கண்மாயில் விட்டவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

7. இது என் பட்டத்தோடு முடிகிற காரியமும் அல்ல. மேலக்கண்மாய் அயிரையை வாடிப்பட்டிச் சந்தையில் விற்கும் பாண்டியம்மாள், அயிரை வாங்க வந்தவர்கள் ஜிலேபியைத் திரும்பியும் பார்ப்பதில்லை என்கிறார். மீன் சமைக்காத வீட்டில் பிறந்த எனக்கு அதன் ருசி தெரியாது. அவர் கூடை காலியாகும் வேகம் தெரியும்.

8. ஊருக்கு மீன் தர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே குஞ்சுகளைக் கீழக்கண்மாயில் விடலாம். எத்தனை விட்டார்கள் என்று எனக்குத் தெரிவித்தால் அதையும் ஆய்வில் சேர்த்துக்கொள்வேன். தலைவர் அவர்களுக்கும் இதில் சம்மதம். உத்தரவில் கண்மாயின் பெயரை மட்டும் மாற்றித் தந்தால் போதும்.

இந்தச் சிறு திருத்தத்தைத் தாங்கள் செய்து தருவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை நான் வழக்கம்போல வலையோடு மேலக்கண்மாய்க் கரையில் இருப்பேன். தங்கள் லாரி கீழக்கண்மாய்ப் பாதையில் திரும்புவது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

இடம்: மதுரை
நாள்: 16-11-1987

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. விஜயம்

மேற்கண்ட விவரம் சரி. மீன் கேட்டவன் நான்தான். கீழக்கண்மாய்க்கே அனுப்பவும்.
மொ. ஆண்டிச்சாமி, ஊராட்சித் தலைவர்