இரண்டு பேர் நடக்கும் அகலம்

சோல்வெய்,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், இனி முடியாது. நீ சுகமாக இருக்கிறாயா, ஜூனோவில் அந்த அலாஸ்கா மழை விட்டதா? நான் முட்டியைத் தவிர மற்றபடி நலம். உன் அம்மா என்னைப் பிரிந்து போனபோது நீ அவள் பக்கம் நின்றாய், அன்றிலிருந்து நமக்குள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும்தான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் இப்போது எழுதுவது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு குன்னர் இலை ஊதும் இயந்திரத்தை எடுத்தான். கொஞ்சம் இலைதான் உதிர்ந்திருக்கிறது, அதை என் பக்கம் தள்ளுவதற்கு அந்த அலறல். தாங்காமல் கால் போன போக்கில் கிளம்பினேன். மளிகைக் கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி ஒரு பாதை போயிற்று. போனால் பெரிய சதுப்பு நிலம், ஆளுயரக் கோரை, தண்ணீரில் நாரை, முகப்பில் இயற்கைக் காப்பகம் என்று பலகை. இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இப்படி ஒன்று இருப்பதாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. கொசுக்கள் மட்டும் எனக்காகவே காத்திருந்தது போல வந்தன.

சதுப்பின் மேல் போகும் மரப்பாதையில் ஆரஞ்சு அங்கி போட்ட ஒரு பெண், காப்பகத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்பவளாம், லவோன் என்று பெயர், பாதையை அகலமாக்கப் பலகை அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சும்மாதானே நிக்கிறீங்க, வந்து என் கையைக் கோத்துக்கிட்டு நடங்க, அகலம் போதுமான்னு பாக்கணும். நான் கடிக்க மாட்டேன், கொசுதான் கடிக்கும்" என்றாள். நடந்தேன். எதற்கு இதெல்லாம் என்று கேட்டதற்கு, "அக்டோபர்ல இங்க ஒரு கல்யாணம். அலாஸ்காப் பொண்ணு, சோல்வெய்னு பேரு. சின்னதுல அம்மாவோட இங்கதான் வருவாளாம்" என்றாள். நான் அவள் கையை விடவில்லை, விட்டிருந்தால் தண்ணீரில் விழுந்திருப்பேன். மணப்பெண் ஒருத்தி நடக்கப் பழைய அகலமே போதாதா என்றேன். "அப்பா வந்தாலும் வருவாராம், பக்கத்துல நடக்க இடம் வேணாமா? இன்னும் கூப்பிடலையாம். கூப்பிட்டு அவரு வரமாட்டேன்னுட்டா அவளால தாங்க முடியாதாம். நல்ல மனுஷன் போங்க, பெத்த பொண்ணையே இப்படிப் பயமுறுத்தி வெச்சிருக்கான்." இதை என்னிடமே சொல்கிறாள். பேரைக் கேட்டாள், குன்னர் என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் போகும்வரை பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இது என்ன பழக்கம், சோல்வெய்? முன்பின் தெரியாத லவோனிடம் சொல்வாய், சதுப்பில் எனக்கு இடம் போடச் சொல்வாய், என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய். நான் மறுப்பேன் என்று நீயே எப்படித் தீர்மானித்தாய்? ஒருவேளை மறுத்திருப்பேன். மறுப்பதாக இருந்தால் நான் மறுக்க வேண்டும், எனக்காக நீ மறுக்கக் கூடாது. அந்த மாப்பிள்ளையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. உன் அம்மாவும் நீயும் எத்தனை சாயங்காலம் அங்கே போய் வந்தீர்களோ, அதையும் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

குதிகால் உயர்ந்த செருப்புப் போடாதே, பலகை இடுக்கில் மாட்டும். பெரிய கோரைப் புதருக்குப் பக்கத்தில் ஒரு பலகை இன்னும் ஆடுகிறது, அதை இறுக்கச் சொல்லியிருக்கிறேன். அக்டோபரில் இங்கே சாயங்காலம் சட்டென்று குளிர்ந்துவிடும், மேலே போட ஏதாவது கொண்டு வா. நீயும் அவனும், அவன் யாராக இருந்தாலும், சண்டை போட்டாலும் பேச்சை நிறுத்தாமல் நெடுங்காலம் நன்றாக இருங்கள்.

கடைசியில் உன் அப்பா என்று எழுதப் போனேன், பேனாவை நிறுத்திவிட்டேன். அழைப்பே அனுப்பாதவளுக்குக் கையெழுத்து எதற்கு? என் எழுத்து உனக்குத் தெரியும். நீ அழைத்தால் கையெழுத்துப் போட்டுப் பதில் எழுதுகிறேன். இதை இப்படியே தபாலில் போடப் போகிறேன்.