குங்குமம் வைத்த படம்

சிதம்பரத்தில் இருக்கும் என் மகளுக்கு,

புயல் வெள்ளம் வடிந்த மாதமே சுனாமிக்கும் இருபது வருஷம் ஆனது. மஞ்சக்குப்பத்தில் போட்டோ கண்காட்சி என்று நம் குடும்பப் படத்தைக் கேட்டார்கள். பெயர்களுக்குப் பழைய ரேஷன் கார்டையும் கொடுத்தேன்.

போய்ப் பார்த்தால் படத்துக்கு மாலை. கீழே எழுதியிருந்ததை அங்கிருந்த பெண் படித்துக் காட்டினாள். அலை கொண்டுபோன உன் அம்மா, தம்பி பெயர்களோடு உன் பெயரும் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"உங்களத் தவிர மூணு பேருக்கும் குங்குமம் வெச்சிருந்துச்சே தாத்தா?"

சுனாமிக்கு முந்தின வருஷம் நீ விரும்பியவனோடு போனபோது, செத்தாள் என்று படத்தில் உன் நெற்றிமேல் வைத்தது நான்தான்.

அதைத் துண்டால் துடைத்தேன்.

"ஐயோ, தொடாதீங்க!"

"இவ சாவலம்மா. பேர அடிச்சுடு."

"எந்தப் பேரு?"

இருபத்தொரு வருஷமாக நான் வாயால் சொல்லாத பெயரைச் சொன்னேன்: அஞ்சலாட்சி.

எதிர்வீட்டுப் பெண் எழுத, கைநாட்டு வைத்தது,
உன் அப்பா.