நடக்கும் சீட்டு, படுக்கும் சீட்டு

திண்டிவனம், 4 பிப்ரவரி 1958

மூன்றாம் கட்டில் தாண்டவராயனுக்குக் காலை ஒன்பதேகாலுக்கு வாயு பிரிந்தது! நோட்டில் குறித்தேன். நர்ஸ் படிப்பு படித்தது இதற்குக் காத்திருக்கத்தானா? சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் வயிற்று ஆபரேஷன் ஆனவருக்குக் குடல் விழித்துக்கொண்ட முதல் அடையாளம் அதுதான். அவர் மனைவி கோவிந்தம்மாள், "நர்ஸம்மா, எங்க ஊட்டுக்காரருக்குப் போயிடுச்சி!" என்று கத்த, எதிர்க் கட்டில்காரர் "ஐயோ பாவம்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் டாக்டர் சக்கரபாணி சாரின் ஆராய்ச்சி. ஆபரேஷன் ஆன மறுநாளே நடக்க வைத்தால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தாராம். நாங்களோ பத்து நாள் அசையவிடாதவர்கள். எது சரி? நாற்பது பேரின் சம்மதத்தோடு பார்க்கிறோம். ஆளுக்கொரு மூடிய சீட்டு. 'நட' வந்தால் மறுநாள் நடை. 'படு' வந்தால் பத்து நாள் படுக்கை. சீட்டை மாற்ற சாருக்கே உரிமை கிடையாது.

11 பிப்ரவரி

'நட' சீட்டு வந்த தாண்டவராயன் ஒன்பதாம் நாளே கோலியனூருக்குப் பஸ் ஏறிவிட்டார். நடந்தே போய் ஏறினார்!

19 பிப்ரவரி

மரக்காணத்திலிருந்து என் அப்பாவை, நைனாவை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு மாதமாகச் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாம். எனக்கு ஏன் சொல்லவில்லை? "நீ வேலைய உட்டுட்டு வந்துடுவன்னுதாம்மா" என்கிறார். எலும்பும் தோலுமாக இருக்கிறார். வயிற்றுப் புண் ஆறி ஆறித் தழும்பேறி இரைப்பையின் வாயே அடைத்துவிட்டது. நாளை ஆபரேஷன்.

20 பிப்ரவரி

மூன்று மணி நேரம். நைனா பிழைத்தார்.

சீட்டை நான்தான் பிரித்தேன். 'படு'.

ஏன், ஏன் இது வரணும்? போன மாதம் முத்துசாமி என்பவர் படுத்த கட்டிலிலேயே, ஒன்பதாம் நாள், காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்குப் போய் ஒரு நொடியில் செத்தார். நல்லாப் பேசிக்கினு இருந்தவரு. மீதிச் சீட்டுகள் இருந்த டப்பாவை எடுத்தேன். ஒரு 'நட' சீட்டை வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அப்படியே வைத்துவிட்டு வந்தேன். ஆளைப் பார்த்துச் சீட்டு மாற்றினால் நாற்பது பேரின் கணக்கும் பொய்.

21 பிப்ரவரி

நைனா எழுந்துவிட்டார்!!

பக்கத்து வார்டுக்குப் போய் வந்து பார்க்கிறேன், கட்டில் காலி. மூக்குக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறார்.

"நைனா! பத்து நாள் படுக்கணும்னு சொன்னேன் இல்ல!"

"ஆடற படகுலயே நின்னுக்கினு வலை போட்டவன்மா. ஆடாத தரையில நிக்கக் கூடாதா?"

சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? நான்தான் எழுப்பினேன் என்று நினைத்தால்? ஓடிப்போய் சாரிடம் சொன்னேன்.

"நீ எழுப்பினியா, சிஸ்டர்?"

"சத்தியமா இல்ல சார்."

"அப்ப நடந்ததை நடந்தபடி எழுது. ஆனா நோட்டுல 'படு' பக்கத்துலதான். சீட்டு எதுவோ, பக்கமும் அதுதான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும். நைனாவைப் படுக்க வைத்தேன். நான் திரும்பினால் எழுந்துகொள்கிறார்.

23 பிப்ரவரி

நைனாவுக்கும் வாயு! காலை ஏழு ஐம்பது!

1 மார்ச்

நைனா வீட்டுக்குப் போனார். 'படு' பக்கத்திலேயே குறைந்த நாள் தங்கியவர் அவர்தான். சார் அந்த வரியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்.

14 ஆகஸ்ட் 1959

நாற்பதும் முடிந்தது. 'நட' சீட்டுக்காரர்கள் சராசரி ஒன்பது நாளில் வீட்டுக்கு. 'படு' சீட்டுக்காரர்கள் பதினைந்து. நடந்ததால் ஒரு தையலும் விடவில்லை. "நாற்பது பேர் போதாது, இன்னும் பார்க்கணும்" என்று சார் சொல்கிறார். ஆனால் அவர் குரலில் அத்தனை குஷி.

2 நவம்பர் 1959

இன்று சென்னையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் பார்வையிட வந்தார். வார்டு வாசலில் நின்று பார்த்தார். பன்னிரண்டு கட்டில், எல்லாம் காலி.

"ஏன் சிஸ்டர், பேஷண்ட் யாரும் இல்லியா?"

"பன்னிரண்டு பேர் இருக்காங்க சார்" என்று வராந்தாவைக் காட்டினேன்.