ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த படம்

இன்று காலை ரயிலில் உன் படத்தைப் பார்த்தேன். தங்கவயலில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி, வழக்கம்போல் ஜன்னலோரம் கிடைக்காமல் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டில் ஒரு பெண், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் வயசு, மடிமேல் கிடந்த ஃபோனில் கேம் கடையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திகள், கார்கள், கண்ணை உருட்டும் பொம்மைகள் எல்லாம் மேலே ஓடின. நடுவே தபால்தலை அளவில் ஒரு கறுப்புக் கட்டம், அதில் ஒரு மஞ்சள் புள்ளி. அவள் கட்டைவிரல் நின்றது. நம் கேமுக்கு நீ வரைந்த படமடி அது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நம் கேம் அந்தக் கடைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நாம் அடித்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? பகலெல்லாம் பெங்களூரில் அடுத்தவன் கம்பெனிக்கு புரோகிராம் எழுதிவிட்டு, ரயிலில் மடிமேல் லேப்டாப்பை வைத்து நான் இந்தக் கேமைச் செய்தேன். என் அப்பா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜை, அந்த இரும்புக் கூண்டை, ஓட்டியவர். ஓட்டுகிறவர் உட்கார்ந்திருப்பது மேலே, தனிக் கட்டடத்தில். கீழே நடப்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. மணிதான் கேட்கும். அந்த மணியைக் கேட்டு, தண்ணீர் ஏறுவதற்குள் எல்லோரையும் மேலே கொண்டுவர வேண்டும். இதுதான் கேம், பெயர் ‘கடைசி கேஜ்’. பள்ளிக்கூடத்திலிருந்தே என் நோட்டுக்கெல்லாம் படம் போட்டவள் நீ. இதற்கும் உன்னை விட்டால் எனக்கு யார்?

கேம் கடையில் வைக்க நீ வரைந்த முதல் படத்தில் சுரங்க ஷாஃப்ட்டுக்கு மேலே நிற்கும் இரும்புக் கோபுரம், உச்சியில் பெரிய சக்கரம், பின்னால் சிவந்த வானம். பார்த்ததும் இதுதான் படம் என்று குதித்தேன். பிறந்ததிலிருந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? மறுநாள் ஆபீசில் ஒருத்தனிடம் ஃபோனை நீட்டினேன். “ஜாத்ரெ கேமா இது?” என்றான். திருவிழா ராட்டினம் என்று நினைத்துவிட்டான், பாவி. எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அதே சக்கரத்தில் கட்டிச் சுற்றியிருப்பேன். நீயோ விழுந்து விழுந்து சிரித்தாய். “அவன் மேல இன்னாடி தப்பு? நம்ம ஊர்க்காரங்களுக்குப் படம் போட்டுட்டு அவனத் திட்றியே” என்றாய்.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் உங்கள் ஜவுளிக்கடையை நடத்திய உனக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கி, பொம்மைக்குப் புடவை கட்டியதும் கல்லாவில் உட்கார மாட்டாய். நேராக ரோட்டைத் தாண்டிப் போய், உன் கடையையே யாரோ அசலூர்க்காரி மாதிரி நின்று பார்ப்பாய். பிறகு வந்து பாதிப் புடவைகளை உள்ளே எடுத்துவிடுவாய். “எல்லாத்தியும் தொங்கவிட்டா எதுவும் தெரியாதுடி. நடந்து போறவ கண்ணு ஒண்ணு மேலதான் நிக்கும்.”

படத்துக்கும் அதையேதான் செய்தாய். ஒவ்வொன்றையும் போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் எடுத்து, கடைக் கண்ணாடியில் ஒட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவாய். அங்கிருந்து பார்த்தால் ஃபோனில் தெரிகிற அளவுதான் தெரியும். ஆட்டோக்காரர்கள் நம்மைப் பார்த்து ஹாரன் அடித்தே ஓய்ந்தார்கள். கோபுரம் குச்சியாகத் தெரிந்தது. ஹெல்மெட் போட்ட முகம் தக்காளியாகத் தெரிந்தது. கேமின் பெயர் எறும்பு வரிசை மாதிரி இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் அப்பாவையும் கடையின் பின்பக்கம் வரச் சொன்னாய். அங்கிருந்த வற்றிய கிணற்றுக்குள் அரிக்கேன் விளக்கு ஒன்றைக் கயிறு கட்டி இறக்கி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடியிருந்தாய். “தலைய உள்ள வுட்டுப் பாருங்க அங்கிள்” என்றாய். மூன்று பேரும் முட்டி போட்டுத் தலையை நுழைத்தோம். முதலில் இருட்டுதான். கண் பழகப் பழக அடியில் அந்த விளக்கு, அவ்வளவு சின்னதாக, அவ்வளவு தூரத்தில். அப்பா வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.

“இத்தினி வருசம் ஓட்டினேம்மா, ஒரு தபாகூட எட்டிப் பாத்ததில்ல” என்றார் கடைசியில். “இப்பிடித்தான் கீழ இருந்திருப்பாங்க, இல்ல?” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதைத்தான் நீ வரைந்தாய். கறுப்பு, கீழே போகும் இரண்டு கயிறு, அடியில் ஒரு வெளிச்சம், ஓரத்தில் தடித்த எழுத்தில் பெயர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தபோது அத்தனை புடவைக்கு நடுவிலும் அது ஒன்றுதான் தெரிந்தது. சுரங்கத்துக்குள் ஒரு நாளும் இறங்காத ஜவுளிக்கடைக்காரி இதை எங்கிருந்து பிடித்தாள் என்று நான் வியந்தேன். அந்த வியப்பு இன்னும் தீரவில்லை.

கேம் கடையில் படத்துக்குக் கீழே வரும் விவரத்தை எழுதுவது என் பங்கு. தங்கவயலின் வரலாறு, வெள்ளைக்காரன் வந்த கதை, நான் கேமில் சேர்த்த வசதிகள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தேன். “வாசப்படியே ஏறாதவகிட்ட வம்சக் கதையா? உள்ள வந்து உக்காரட்டும், காபி குடுத்துச் சொல்லலாம்” என்று எல்லாவற்றையும் கீழே தள்ளினாய். மேலே இரண்டே வரி வைத்தாய். ‘கீழே ஆட்கள் இருக்கிறார்கள். உனக்குக் கேட்பது மணி மட்டும்.’

அந்த மாதமே மஞ்சள் காமாலை என்று படுத்தாய். எழுந்திருக்கவே இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

கேமை விற்றுத் தருகிறோம் என்று ஒரு கம்பெனிக்காரர் வந்தார். “படம் டல்லா இருக்கு மேடம். தங்கச் சுரங்கம்னு சொல்றீங்க, தங்கத்தையே காணோம். ஒரு ஹீரோ மூஞ்சி, பின்னாடி ஒரு வெடி. இல்லேன்னா நாங்க எடுக்க முடியாது” என்று சொல்லி, அவரே ஒரு படமும் அனுப்பினார். சத்தியமாகத் தடுமாறினேன். அவர்கள் இல்லாமல் கேமை யார் எட்டிப் பார்ப்பார்கள்? ஆனால் அதற்குச் சரி என்றால், இந்தக் கேமில் நீ எங்கே இருப்பாய்?

இப்போது ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்ளும் உன் தம்பியிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு படத்தையும் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத் தனியாக ரோட்டைத் தாண்டினேன். தங்கமும் வெடியும் புடவை ஜரிகையோடு கலந்துபோயின. உன்னுடையது அங்கேயே இருந்தது. பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா நான் பார்க்கும் பக்கம் பார்த்துவிட்டு, “அது இன்னாமா கண்ணாடில? கீழ யாரோ கீறாங்க போல கீதே” என்றார். எனக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. கம்பெனிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உன் படத்தோடு நானே கேம் கடையில் போட்டேன். முதல் வாரம் ஈ ஓட்டினேன். அப்புறம் ஒருவர் இருவராக வந்தார்கள்.

இப்போது எந்த வேலையைச் செய்தாலும் பாதியில் எழுந்து எதிர்ச்சுவர் வரை போய் நின்று பார்க்கிறேன். ஆபீசில் எனக்கு ஏதோ பேய் பிடித்துவிட்டது என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ரயிலில் அந்தப் பெண் உன் படத்தை அழுத்தினாள். உதடு அசைய உன் இரண்டு வரியைப் படித்தாள். கீழே நான் எழுதிய வரலாற்றைத் தொடக்கூட இல்லை. நீதான் ஜெயித்தாய், போ. பங்காருப்பேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் கேமை ஃபோனில் இறக்கிவிட்டாள். ‘அதை வரைஞ்சது என் ஃப்ரெண்டு’ என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அழுதுவிடுவேன், அந்த நெரிசலில் கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கவும் இடமில்லை.

அவள் ஃபோனில் இருட்டு வந்தது. பிறகு மணி. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் பதிவு செய்த அதே மணி, மூன்று அடி. ஆட்கள் ஏறிவிட்டார்கள், தூக்கு என்று அர்த்தம். அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரில் நானும் நிமிர்ந்தேன். கீழே இருப்பது நீதான் என்று எனக்குப் பட்டது.